குளவி வாங்கப் போகுமுன் காணியில் இருக்கிற குளவியைப் பாருங்கள்

மாங்குளத்துக்கு அங்கால் ஒரு ஏக்கர் மேட்டுக்காணியில் பருத்தி போட்டிருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: ஐப்பசி மழையோடு விதைத்தது, இப்போது 45 நாள், நுனிக் குருத்தில் மாவுப்பூச்சி ஏறுகிறது, மொட்டுகளில் புழு முட்டையும் தெரிகிறது, மருந்துக்கடையில் இரண்டு மருந்தைக் கலந்து உடனே அடிக்கச் சொல்கிறார்கள், திருச்சியில் இருக்கும் மாமா, உள்ளே ஒட்டுண்ணிக் குளவி வளரும் பூச்சி முட்டைகளை ஒட்டிய கடதாசி அட்டை வாங்கிக்கொண்டு வருகிறேன் என்கிறார், இதில் எதைச் செய்வது என்று.

தம்பி, இரண்டையும் இப்போதைக்குச் செய்யாதீர்கள். மாமாவுக்கு இன்றைக்கே ஒரு கோல் எடுத்து வேண்டாம் என்று சொல்லுங்கள். உயிருள்ள பூச்சியை அனுமதி எடுக்காமல் நாட்டுக்குள் கொண்டுவருவது 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி பிழை. கட்டுநாயக்க விமான நிலையத்தில் பிடித்தால் அட்டை போனதோடு விடயம் முடியாது. சட்டத்தை விடுங்கள், அந்த அட்டையில் வேறு எந்தப் பூச்சி ஒட்டிக்கொண்டு வருகிறது என்று மாமாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. 2008இல் நம் நாட்டுக்குள் வந்து பப்பாசி மரங்களை வெள்ளையாக்கிச் சாகடித்த மாவுப்பூச்சியும் யாரும் விரும்பி அழைத்து வந்ததல்ல.

மருந்து ஏன் வேண்டாம் என்பதற்குக் கொஞ்சம் சுற்றி வரவேண்டும், பொறுமையாக வாசியுங்கள்.

குளவி என்றதும் நம் ஆட்களுக்குப் பனைமரத்துக் குளவியும் கொட்டினால் வீங்கும் முகமும்தான் ஞாபகம் வரும். இது அந்தச் சாதி இல்லை. பருத்திக்கு உதவுகிற ஒட்டுண்ணிக் குளவிகளில் கனக்க ஒரு மில்லிமீற்றர், இரண்டு மில்லிமீற்றர் அளவுதான், ட்ரைக்கோகிரம்மா என்பது அரை மில்லிமீற்றர். இந்த எழுத்துகளுக்கு இடையில் இருக்கும் முற்றுப்புள்ளி பறந்தால் எப்படி இருக்கும், அவ்வளவுதான். மனிதரைக் கொட்டாது. வளர்ந்த குளவி பூந்தேனைக் குடித்துச் சீவிக்கும், முட்டையை மட்டும் புழுவின் முட்டைக்குள்ளேயோ, புழுவின் உடம்புக்குள்ளேயோ, மாவுப்பூச்சிக்குள்ளேயோ இட்டுவிட்டுப் போய்விடும். குஞ்சு உள்ளே இருந்து தின்னும், கடைசியில் வெறும் கோதுதான் மிஞ்சும். உண்ணியும் பேனும் ஆளைக் கொல்லாமல் இரத்தத்தை மட்டும் குடிக்கும், இது கொன்றுவிட்டுத்தான் வெளியே வரும். வித்தியாசம் அவ்வளவே.

இப்படிப்பட்ட குளவிகள் உங்கள் காணியில் ஏற்கெனவே இருக்கின்றன. வன்னியில் அரைவாசிக் காணி பற்றையும் வேலியும் காட்டு ஓரமுமாக இருக்கும்போது இல்லாமல் எங்கே போகும்? கத்தரியில் தண்டு துளைக்கும் புழுவை வெட்டிப் பார்த்திருப்பீர்கள், சிலவற்றில் புழு இராது, மண்ணிற மெல்லிய கூடு ஒன்று மட்டும் கிடக்கும். அது திரதாலா என்ற குளவியின் வேலை, இலங்கைக் கத்தரித் தோட்டங்களில் அது சாதாரணமாகவே இருக்கிறது, யாரும் காசு கொடுத்து வாங்கி விட்டதில்லை.

இந்தப் பாடத்தை நம் நாடு முதலில் படித்தது தேயிலையில். மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்களில் வயதானவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், தேயிலைக் கொழுந்தை ஒட்டிச் சுருட்டி உள்ளே இருந்து தின்னும் புழுவைத் தெரியும் என்பார்கள். அதற்கு 1935–36இல் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், புழு அடங்கிவிட்டது, குளவி தோட்டங்களிலேயே நிலைத்துவிட்டது. பிறகு தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டுக்கென்று டீல்ட்றின் என்ற பூச்சிமருந்தை அடிக்கத் தொடங்கினார்கள். வண்டுக்கு அடித்த மருந்தில் குளவி செத்தது, அடங்கிக் கிடந்த சுருட்டுப் புழு திரும்பவும் கிளம்பியது. வேறு ஒன்றுக்கு அடித்த மருந்து! நான் விவசாயம் படித்த காலத்தில் கேட்ட கதைகளில் இது ஒன்றுதான் இன்றுவரை மறக்கவில்லை.

பருத்தியில் இதைவிடப் பெரிய அடி வாங்கியவர்கள் பெரு நாட்டின் கானெட்டே பள்ளத்தாக்கு விவசாயிகள். 1949இலிருந்து டீடீரீ, பீஎச்சீ, டொக்சாஃபீன் என்று பூச்சிமருந்துகளை விமானத்தில் ஏறி அடித்தார்கள், விமானம் தாழப் பறக்க மறைக்கிறது என்று மரங்களைக்கூட வெட்டினார்கள். முதலில் விளைச்சல் ஏறியது, 1954இல் ஹெக்டேயருக்கு 728 கிலோ பஞ்சு. இரண்டே வருடத்தில், 1956இல், 332 கிலோவுக்கு விழுந்தது, அதுவும் மருந்து குறைந்ததால் அல்ல, முன்னரைவிட அடிக்கடி அடித்தும். பழைய பூச்சிகள் மருந்துக்குப் பழகிவிட்டன, முன்பு பேரே தெரியாத பூச்சிகள் புதிதாகப் பயிரைத் தின்ன வந்தன, ஏனென்றால் அவற்றை இவ்வளவு காலம் அடக்கி வைத்திருந்த குளவியும் வண்டும் மருந்தில் போய்விட்டன. கடைசியில் அந்த விவசாயிகளே கூடி அந்த மருந்துகளைத் தடைசெய்து, வேறு பள்ளத்தாக்குகளிலிருந்து ஒட்டுண்ணிகளைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் விளைச்சல் நிமிர்ந்தது.

சரி, உங்கள் ஒரு ஏக்கருக்கு வருவோம்.

முதல் வேலை, இரண்டு ஜாம் போத்தல் எடுங்கள். கழுவி ஈரம் போகக் காயவிடுங்கள். காலையில் வெயில் ஏறுமுன் காணிக்குள் போய், நுனி இலையிலும் மொட்டின் சிறகிலும் ஒற்றையொற்றையாக இருக்கும் முட்டைகளைத் தேடுங்கள். காய்ப்புழுவின் முட்டை அரை மில்லிமீற்றர், பால்வெள்ளை, கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பூசணிக்காய் மாதிரி வரிவரியாக இருக்கும். ஒரே மூலையில் எடுக்காமல் காணி முழுக்க நடந்து, இலைத் துண்டோடு கிள்ளி 20 முட்டை சேர்த்து ஒரு போத்தலில் போட்டு, ஈரக் கடதாசித் துண்டு ஒன்றும் வைத்து, மெல்லிய துணியால் வாயைக் கட்டி நிழலில் வையுங்கள். மூன்று நான்கு நாளில் நல்ல முட்டைகள் பொரித்து நூல் மாதிரிப் புழு வந்துவிடும். பொரிக்குமுன் நல்ல முட்டையும் கொஞ்சம் கறுக்கும், ஆனால் அதில் புழுவின் தலை மட்டும் ஒரு பக்கமாகக் கறுப்புப் பொட்டாகத் தெரியும். குளவி ஏறிய முட்டை அப்படியில்லை, முழுவதும் ஒரே கறுப்பு, கண்மை பூசியது போல மினுங்கும், பொரிக்கவே பொரிக்காது. இன்னும் ஒரு கிழமை விட்டால் அதில் ஊசிமுனைத் துளை ஒன்று விழும், போத்தல் சுவரில் தூசி நடப்பது போல ஏதோ நடக்கும். அந்தத் தூசிதான் உங்கள் ஆள்.

20இல் பத்துக்கு மேல் கறுத்தால் நான் கையைக் கட்டிக்கொண்டு இருப்பேன். மூன்று நான்குதான் என்றாலும் பயப்பட மாட்டேன், அடுத்த கிழமை திரும்ப எடுத்துப் பார்ப்பேன், ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் முக்கியம். ஒன்றுமே கறுக்காமல், செடிக்குச் செடி முட்டையும் கூடிக்கொண்டு போனால்தான் வேறு யோசனை.

மற்றப் போத்தலில் மாவுப்பூச்சி ஏறிய குருத்து ஒன்று. போடுமுன் வடிவாகப் பாருங்கள்: வெள்ளை மாவோடு மெத்தென்று இருப்பது உயிருள்ளது. மாவு உதிர்ந்து, மண்ணிறமாக, ஊதி, நகத்தால் தட்டினால் கடகடவென்று இருக்கிறதா? அது செத்துவிட்டது, உள்ளே குளவிக் குஞ்சு இருக்கிறது. ஒரு பக்கம் வட்டமாக மூடி கழன்றது போல ஓட்டை இருந்தால் குளவி ஏற்கெனவே வெளியே போய்விட்டது.

இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் 2005க்குப் பிறகு பருத்தியை நாசமாக்கிய மாவுப்பூச்சியின் கதையும் இதுதான். விவசாயிகள் மருந்து மேல் மருந்தாக அடித்துக்கொண்டு இருந்தபோது, யாரும் விடாமல் தானாக ஒரு குளவி வந்து வேலையைத் தொடங்கியிருந்தது. 2009இல்தான் அதற்குப் புது இனமென்று பெயரே வைத்தார்கள், பிறகு பார்த்தால் அது அமெரிக்காவில் முன்பே தெரிந்த ஏனேசியஸ் அரிசோனென்சிஸ். மாவுப்பூச்சி கடல் கடந்து போன வழியிலேயே அதன் எதிரியும் பின்னால் போயிருக்கிறது. அதே மாவுப்பூச்சி மட்டக்களப்பில் இருப்பதாகவும் 2009 அளவிலேயே எழுதியிருக்கிறார்கள். உங்கள் செடியில் இருப்பது அதுதானா, அதற்குக் குளவி சேர்ந்திருக்கிறதா என்பதைப் போத்தல் சொல்லும்.

பப்பாசி மாவுப்பூச்சிக்கு அப்படி எதிரி கூட வரவில்லை. அதனால் 2009 அளவில் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் என்ற குளவியை அரசாங்கமே முறைப்படி தருவித்து விட்டது, அடுத்த வருடம் தமிழ்நாட்டிலும் அதையே செய்தார்கள், அங்கே அந்தப் பூச்சி மரவள்ளி, மல்பெரி, பருத்தி என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. இன்றைக்கு உங்கள் வீட்டுப் பப்பாசியில் அந்த வெள்ளை முன்போல இல்லையென்றால் காரணம் மருந்து அல்ல.

மாவுப்பூச்சியில் ஒரு விடயத்தை மட்டும் எல்லாரும் கோட்டை விடுவார்கள். எறும்பு. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு காவல் நிற்கும், குளவி கிட்ட வந்தால் துரத்தும். செடியில் எறும்பு வரிசை ஏறினால் குளவியை நம்பிப் பயனில்லை, முதலில் வரிசையைப் பின்தொடர்ந்து போய்ப் புற்றைக் கிளறிக் கொதிதண்ணீர் ஊற்றுங்கள், பருத்தி வேரில் படாமல். மோசமாக ஏறிய குருத்துகளை வெட்டுங்கள், ஆனால் எரிக்காதீர்கள், எரித்தால் உள்ளே இருக்கும் குளவியும் சேர்ந்து எரியும். ஒரு பழைய பேசினில் சவர்க்காரத் தண்ணீர் விட்டு, நடுவில் கல் வைத்து, அதன்மேல் வாளியை வைத்து வெட்டிய குருத்துகளை வாளிக்குள் போடுங்கள், மழை படாத இடத்தில், காணி ஓரமாக. மாவுப்பூச்சி நடந்து இறங்கினால் தண்ணீரில் விழும். குளவிக்குச் சிறகு இருக்கிறது, அது பறந்து செடிக்குப் போகும். நான் இதை வெண்டியில் செய்து பார்த்தேன், காசு செலவில்லாத வேலை.

வெண்டி என்றதும் இன்னொன்று. வெண்டி, பருத்தி, செவ்வரத்தை, பூவரசு, துத்தி எல்லாம் ஒரே குடும்பம், ஒன்றில் இருக்கும் பூச்சி மற்றதிலும் ஏறும். உங்கள் வேலி பூவரசு என்றால் சிவப்பு நிறப் பருத்திப் பூச்சி அங்கேயிருந்துதான் வரும். இதைக் கேட்டு வேலியை வெட்டப் போகாதீர்கள், கானெட்டேக்காரர்கள் வெட்டிப் பார்த்துவிட்டார்கள்! பூச்சி இருக்கும் இடத்தில்தான் அதைத் தின்னும் குளவியும் பருத்தி இல்லாத மாதங்களில் உயிர் பிழைத்திருக்கும். அந்தச் சிவப்புப் பூச்சிக்குக் குளவி எதுவும் பெரிதாக உதவாது, காலையில் கூட்டமாக இருக்கும்போது சவர்க்காரத் தண்ணீர் வாளிக்குள் உதறி விழுத்துவதுதான் வழி.

பருத்தி இலை ஒன்றைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? அடிப்பக்கம் நடு நரம்பில் சின்னதாக ஒரு குழி இருக்கும், வெயில் சாயும்போது அதில் துளி மினுங்கும், நாக்கில் வைத்தால் இனிக்கும். பூப்பதற்கு முன்பே பருத்தி இலையில் தேன் வைத்திருக்கிறது. தேன் குடித்த குளவி பட்டினிக் குளவியைவிடப் பல நாள் கூட வாழும், கூட முட்டையிடும். அதோடு நாலு வரிக்கு ஒரு வரி கௌபி போட்டால் நல்லது, ஓரத்தில் கொத்தமல்லி பூக்கவிட்டாலும் நல்லது. கௌபியில் அழுக்கணவன் ஏறுமே என்று பயப்படாதீர்கள், அது பெரும்பாலும் கௌபியோடு நிற்கிற சாதி, அதைத் தின்ன வரும் பொறிவண்டும் குளவியும் பக்கத்துப் பருத்திக்கும் போகும்.

எல்லாவற்றுக்கும் குளவி என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன். இலையின் கீழே கூட்டமாக முட்டையிட்டு மயிரால் மூடிவிடும் புழு இருக்கிறதே, அதன் முட்டைக் குவியலுக்குள் ட்ரைக்கோகிரம்மாவால் வடிவாக நுழைய முடியாது, அதற்கு டெலெனோமஸ் என்ற வேறு குளவி இருக்கிறது, ஆனால் ஒரு ஏக்கர்காரருக்கு அந்த இலையையே கிள்ளி நசுக்குவது சுலபம். இளஞ்சிவப்புக் காய்ப்புழு இன்னும் மோசம். காயின் அடிச் சிறகுக்குள் ஒளித்து முட்டையிடும், பொரித்த புழு கொஞ்ச நேரத்திலேயே காய்க்குள் போய்விடும், பிறகு குளவிக்கும் எட்டாது, மருந்துக்கும் எட்டாது. அதற்குக் கவர்ச்சிப் பொறி வைக்கலாம், அதைவிட முக்கியம் மாசி பங்குனியில் பஞ்சு எடுத்து முடிந்ததும் இன்னும் இரண்டு காய் வரும் என்று செடியை நிற்கவிடாமல் இருப்பது. கடைசிப் பஞ்சு எடுத்த மறுநாளே மாட்டையும் ஆட்டையும் உள்ளே விடுங்கள், மிச்சத்தைப் பிடுங்கி அழியுங்கள், பஞ்சு பிரித்த விதையை வீட்டு மூலையில் மூட்டையாகப் போட்டு வைக்காதீர்கள், புழு அந்த விதைக்குள்தான் அடுத்த போகம்வரை தூங்கும்.

இனி அட்டை. விவசாயத் திணைக்களம் மூலமாகவோ பல்கலைக்கழகம் மூலமாகவோ நாட்டுக்குள்ளேயே முறைப்படி கிடைத்தால் வாங்குங்கள், முதலில் உங்கள் கமநல சேவை நிலையத்தில் போதனாசிரியரிடம் கேளுங்கள். அரிசி ஆலைகளில் வலை பின்னுகிற அந்துப்பூச்சி தெரியும்தானே, அதைத்தான் சோளக் குருணலில் வளர்த்து, அதன் முட்டையைப் பசை பூசிய அட்டையில் தூவி, ஊதாக்கதிர் விளக்கில் காட்டிக் கருவைச் சாகடித்து, குளவியிடம் கொடுத்து முட்டையிட வைக்கிறார்கள். ஒரு சீசீ (கன சென்ரிமீற்றர்) முட்டை என்றால் ஏறக்குறைய 20,000. பருத்திக்கு ஏக்கருக்கு 2.5 முதல் 3 சீசீ ஒரு தடவைக்கு, 45ஆம் நாளளவில் தொடங்கி 15 நாளுக்கு ஒருக்கா மூன்று தடவை என்பது தமிழ்நாட்டுக் கணக்கு, முட்டை கூடுதலாக இருந்தால் கிழமைக்கு ஒரு தடவை. அட்டையை நறுக்கிக் காணி முழுக்க, பத்து எட்டுக்கு ஒன்றாக, இலையின் அடிப்பக்கம் குத்துங்கள், ஏனென்றால் இந்தக் குளவி தூரம் பறக்கிற ஆள் இல்லை. வெளியேறுவதற்கு முந்தைய நாள் பின்னேரம் கட்டுவது நல்லது, நேரத்தோடு கட்டினால் எறும்பும் சிலந்தியும் முட்டையைத் தின்றுவிடும்.

ஆனால் அந்தக் கணக்கு நம் கார்த்திகை மார்கழி மழையை நினைத்துப் போட்டதல்ல. நமக்கு வருடத்து மழையில் பெரும்பகுதி அந்த இரண்டு மூன்று மாதத்துக்குள்ளேயே கொட்டி முடிந்துவிடும், பருத்தி மொட்டு வைப்பதும் அப்போதுதான். அரை மில்லிமீற்றர் குளவி ஒரு மழைத்துளிக்குத் தாங்காது. மழை விட்ட இரண்டு மூன்று நாள் இடைவெளி பார்த்துத்தான் விடவேண்டும், அட்டைத் துண்டைக் கடதாசிக் கோப்பையைக் கவிழ்த்து அதற்குள் ஒட்டலாம். அடைமழையில் அட்டை கட்டுவது காசைக் குளத்தில் போடுவது. நல்ல காலம், அதே மழை நிறைய முட்டையையும் சின்னப் புழுவையும் மாவுப்பூச்சியையும் கழுவி விழுத்தியும் விடும்.

மருந்து அடித்தே தீரவேண்டும் என்ற நிலை வந்தால்? முதலில் வேப்பங்கொட்டை. வன்னியில் இதற்குப் பஞ்சமா? உடைத்த பருப்பு 500 கிராம் இடித்துத் துணியில் கட்டி இரவு ஊறவைத்து, காலையில் பிழிந்து 10 லீற்றராக்கி, கொஞ்சம் சவர்க்காரமும் கரைத்துப் பின்னேரத்தில் அடியுங்கள், அதுவும் பூச்சி ஏறிய செடிகளுக்கு மட்டும். அட்டை கட்டியிருந்தால் நாலைந்து நாள் தள்ளி. கடையில் சொன்ன அந்தக் கலவை வேண்டாம், எது எது கலந்தது என்று பெயரை நீங்கள் எழுதவில்லை, என்னவாக இருந்தாலும் 45 நாளில் காணி முழுக்க அடிப்பது முதலில் கொல்வது குளவியைத்தான். எனக்கே நடந்தது. கத்தரிக்கு அப்படித்தான் ஒரு கலவையை வாங்கி, தண்டுப் புழுவுக்கென்று கிழமைக்கு ஒன்றாக நாலு தடவை அடித்தேன், ஐந்தாம் கிழமை புழு இருந்தது, கூடவே அதுவரை கண்ணில் படாத வெள்ளை ஈ செடியைத் தொட்டால் புகை மாதிரி எழும்பியது. கடைக்காரர் அதற்கும் ஒரு போத்தல் எடுத்து வைத்தார்.

2021இல் அரசாங்கம் இரசாயன உரத்தையும் மருந்தையும் இறக்குவதை ஒரேயடியாக நிறுத்தியதே, அப்போது குளவி வரவில்லையே என்று நீங்கள் கேட்கலாம், பலர் கேட்டுவிட்டார்கள். பத்து வருடம் அடித்த காணியில் மருந்தை நிறுத்திய அடுத்த மாதம் குளவி வந்து நிற்காது, பூவும் ஓரப்பற்றையும் இல்லாத இடத்தில் வரவே வராது. உங்கள் காணி அப்படியில்லை, புதிதாகத் துப்புரவாக்கியது, சுற்றிவரக் காடு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கொடுப்பினை எல்லாருக்கும் இல்லை.

நாளைக் காலையில் மழை விட்டிருந்தால் போத்தலோடு போங்கள். நாலாம் நாள் 20இல் எத்தனை கறுத்தது, மாவுப்பூச்சிப் போத்தலில் என்ன பறந்தது, எறும்பு எந்த நிறம், இந்த மூன்றையும் எழுதுங்கள், மிச்சத்தை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.